கடைவாய் ஒற்றன்

நிறைமதியின் ஒற்றன் அன்று காலையும் சிவப்புதான் காட்டினான்.

கனிஷ்கா வாய்க்கோலைக் குழந்தையின் வாயிலிருந்து எடுத்துத் துடைத்துவிட்டு, கைப்பேசித் திரையை மறுபடி பார்த்தாள். பச்சை இல்லை, மஞ்சள்கூட இல்லை. ஆறு வாரமாக இதே கதை. வீட்டில் ஒரு பொட்டுச் சர்க்கரை கிடையாது. அவளே காப்பியைக் கசக்கக் கசக்கக் குடித்துப் பழகிவிட்டாள். அப்புறம் எந்த மகராசி கையால் வருகிறது இந்தச் சிவப்பு?

"யாருடி குடுத்தா? அம்மாட்ட மட்டும் சொல்லு."

மூன்று வயது நிறைமதி யோசித்தாள். "யாரும் இல்ல" என்றாள். பிறகு "ஜெபா அத்தை" என்றாள். பிறகு "பூனை" என்றாள். மூன்று பதிலில் நடுவில் வந்ததை மட்டும் கனிஷ்கா காதில் போட்டுக்கொண்டாள். வாயைத் திறந்து காட்டியதற்காக ஒரு பேரீச்சம்பழத்தைக் கடித்து, கொட்டையைத் துப்பிவிட்டு, பாதியைக் குழந்தையின் கையில் வைத்தாள். மீதியைத் தானே மென்றுகொண்டு, கைப்பேசியில் ஐயப் பட்டியலைத் திறந்தாள்.

பட்டியலில் இருபத்துமூன்று பேர் இருந்தார்கள். மாடி வீட்டுக்காரர், மின்தூக்கியில் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிய பெண், தருணின் தங்கை, அப்புறம் தருண். ஆமாம், சொந்தப் புருஷன்தான். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை, பதினைந்து நாளைக்கு ஒரு தரம் வருகிறவன், வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போகிறவன். அவன் பெயருக்கு நேரே இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தாள். மழலைக்கூடத்து ஜெபமலரின் பெயருக்கு நேரே ஐந்து.

ஒற்றன் என்பது ஊர் வைத்த பெயர். அரசாங்கம் வைத்தது பல்லுணரி. கடுகளவு மணி, கடைசிப் பால்பல் முளைத்ததும் அதன் பக்கவாட்டில் ஒட்டிவிடுவார்கள். பல்லைச் சொத்தையாக்கும் கிருமி எத்தனை, அது எப்போதெல்லாம் இனிப்பைத் தின்றது, தின்றுவிட்டு எவ்வளவு அமிலம் கக்கியது என்று எல்லாவற்றையும் அது குறித்து வைக்கும். வாய்க்கோலை நீட்டினால் நிறமாகச் சொல்லும். இதுகூடப் பெரிசில்லை. எந்தப் பிள்ளையும் அந்தக் கிருமியோடு பிறப்பதில்லை. பெரும்பாலும் பக்கத்தில் இருக்கிற பெரியவர் யாருடைய எச்சிலிலாவது ஏறித்தான் அது பிள்ளை வாய்க்கு வந்து சேர்கிறது. அது யார் வாய் என்பதையும் மணி கண்டுபிடித்துவிடும். அந்த வாய்க்கு ஊற்றுவாய் என்று பெயர்.

மணி வந்தாலும் வந்தது, ஊரே தலைகீழாகிவிட்டது. கடலைமிட்டாய்க்குப் பேர்போன கோவில்பட்டியிலேயே, கைக்குழந்தையோடு கடலைமிட்டாய்க் கடைக்குள் நுழைய முடியாது. பிறந்தநாள் விழாக்களில் வெள்ளரிக்காய் வெட்டினார்கள். பிள்ளைக்கு முத்தம் கொடுக்க வருகிற மாமன் முதலில் தன் வாயில் கிருமி இல்லை என்ற வாய்ச்சீட்டைக் காட்ட வேண்டும். சோறு ஊட்டுவதற்கே ஊட்டுரிமை என்று ஒன்று வந்துவிட்டது; பெற்றவர்களுக்குத் தானாகவே உண்டு, மற்றவர்கள் தேர்வு எழுதி அட்டை வாங்கிக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். அட்டை பறிபோனால் மாநிலத்தில் எந்தப் பிள்ளைக்கும் ஒரு வாய் கஞ்சிகூடக் கொடுக்க முடியாது. ஜெபமலருக்கு அந்த அட்டைதான் பிழைப்பு. வேறு வேலை அவளுக்குத் தெரியாது.

இதில் ஒரு கூத்து உண்டு. பெற்றவர்களின் கைப்பேசியில் நிறம் மட்டும்தான் வரும். எத்தனை மணிக்கு இனிப்பு வாய்க்குள் போனது என்ற விவரம் பூட்டிக் கிடக்கும். புகார் கொடுத்து விசாரணை வந்தால்தான் அது திறக்கும். நேரத்தையும் காட்டினால் வீடுகளில் வெட்டுக்குத்து ஆகிவிடும் என்று பல்நலத் துறை பயந்தது. நேரம் தெரியாதவர்கள் எல்லாரையும் எல்லா நேரமும் சந்தேகப்படுவார்கள் என்பது அந்தப் புத்திசாலிகளுக்குத் தோன்றவில்லை.

வாரத்துக்கு ஒரு முறை வாய்க்கோல் வைத்தால் போதும் என்று கையேட்டில் போட்டிருந்தது. அதன் மேலட்டையிலேயே "ஐயமா? உடனே பாருங்கள்!" என்றும் போட்டிருந்தது. கனிஷ்கா மேலட்டையை நம்பினாள். அவள் வேலை செய்தது காற்றாலைக் கட்டுப்பாட்டு நிலையத்தில். முந்நூறு காற்றாலைகளில் எது முனகினாலும் அவள் திரையில் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவளுக்கு ஒரு பல் விவகாரம் பிடிபடவில்லை என்றால் எரிச்சல் வராதா? மழலைக்கூடம் அதே வளாகத்தில்தான். பதினொரு மணிக்கு ஒரு தரம், ஒன்றேகாலுக்கு ஒரு தரம், மூன்றரைக்கு ஒரு தரம் ஓடுவாள். பிள்ளையைத் தனியாகத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போவாள். "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று ஜெபமலரிடம் சொல்லிவிடுவாள். ஜெபமலரும் தள்ளி நிற்பாள். காலையிலும் மாலையிலும் வீட்டில் பார்ப்பதையும் சேர்த்தால் நாளைக்குப் பதினொரு தரம்.

கடைசியில் புகார் கொடுக்க வைத்தது ஒரு கொய்யாக்காய். வியாழக்கிழமை சாயங்காலம் நிறைமதி கையில் ஒரு துண்டுக் கொய்யாவோடு வந்தாள். சட்டை நுனியை அதன் மேல் போர்த்தினாள், துணியோடு சேர்த்து நறுக்கென்று கடித்தாள், இரண்டாகப் பிட்டு அம்மாவிடம் ஒரு பாதியை நீட்டினாள்.

"காக்காக் கடி!" என்றாள். "எச்சி இல்ல."

கனிஷ்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொல்லிக் குடுத்தா இத?"

"ஜெபா அத்தை."

அவ்வளவுதான். அப்படியானால் அங்கே கடித்துக் கொடுப்பதும் வாங்கித் தின்பதும் நடக்கிறது. கனிஷ்கா அந்த இடத்திலேயே உட்கார்ந்து புகாரை எழுதினாள். கடைசிப் பக்கத்தில் ஒரு விதி இருந்தது: ஊற்றுவாயும் இனிப்பு கொடுத்த கையும் ஒருவரே என்று உறுதியானால், அவர் யாராக இருந்தாலும் ஊட்டுரிமை பறிக்கப்படும். அதற்குக் கீழே அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். "வீட்டில் கொடுக்கும் உணவுகள்" என்ற இடத்தில் இட்லி, பருப்புச் சாதம், கீரை, தயிர் என்று ஒன்று விடாமல் உண்மையை எழுதினாள். பேரீச்சம்பழம் அவள் நினைவுக்கே வரவில்லை. அது உணவில்லையே, வாய் திறக்கக் கொடுப்பதுதானே.

மழலைப் பல்நலத் துறையின் கோவில்பட்டி அலுவலகத்தில் அடுத்த புதன்கிழமை பகல் பதினொன்றரைக்கு விசாரணை. அதிகாரி சிவரஞ்சனி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு கோப்பைப் படித்தாள். மேசை மேல் ஒரு கண்ணாடிக் குப்பியில் உலர்திராட்சை இருந்தது. "சர்க்கரை சேர்க்காதது, குழந்தைகளுக்கு" என்று அதில் சீட்டு ஒட்டியிருந்தது. இங்கேயாவது விவரமாக இருக்கிறார்களே என்று கனிஷ்கா நினைத்துக்கொண்டாள். நிறைமதி அவள் மடியில் இருந்தாள். எதிர் நாற்காலியில் ஜெபமலர், பேருக்கு ஒரு நுனியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்து அட்டையை ஒரு கையால் பிடித்தபடியே இருந்தாள்.

"ஜெபமலர், காக்காக் கடி சொல்லிக் குடுத்தது நீங்கதானா?"

"ஆமா மேடம். பிள்ளைக ஒண்ணுக்கொண்ணு பங்கு போடத்தான செய்யும்? எச்சி படக் கூடாதுன்னுதான் துணிய வச்சுக் கடிக்கச் சொல்லிக் குடுத்தேன். வெள்ளரிக்கா, கொய்யாக்கா, அவ்வளவுதான். நான் இனிப்பு குடுக்கல. என் வாய்ல வச்சு எதையும் குடுக்கல."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க மேடம்" என்றாள் கனிஷ்கா. "நேரத்தத் திறந்து பாருங்க. எல்லாம் வெளிய வந்துரும்."

சிவரஞ்சனி பூட்டைத் திறந்தாள். சுவர்த் திரையில் போன செவ்வாய்க்கிழமை விரிந்தது. மேல் வரிசையில் பச்சைப் புள்ளிகள், அம்மா வாய்க்கோல் வைத்த நேரங்கள். கீழ் வரிசையில் சிவப்புப் புள்ளிகள், இனிப்பு உள்ளே போன நேரங்கள்.

"பதினொண்ணு நாலுக்கு நீங்க பாத்திருக்கீங்க" என்று அதிகாரி வாசித்தாள். "பதினொண்ணு அஞ்சுக்கு இனிப்பு."

கனிஷ்கா நாற்காலியில் நிமிர்ந்தாள். "பாத்தீங்களா!"

"ஒண்ணு பதினேழுக்குப் பாத்திருக்கீங்க. ஒண்ணு பதினெட்டுக்கு இனிப்பு. மூணு முப்பத்தொண்ணு, மூணு முப்பத்திரண்டு."

"என் தல அந்தப் பக்கம் மறைஞ்சதும் இந்தப் பக்கம் குடுத்திருக்கா மேடம்! எவ்வளவு திட்டம் பாருங்க! நான் செக் பண்ணி முடிக்கட்டும்னு காத்திட்டு இருந்திருக்கா!"

ஜெபமலருக்கு முகம் வெளிறிப்போயிற்று. "ஐயோ, நான் இல்ல மேடம். சத்தியமா இல்ல. அவங்க போனதும் பிள்ளைக்கி வாய் கொப்புளிக்கக் கூட்டிட்டுப் போவேன், அவ்வளவுதான். பத்தொம்பது வருசமா பிள்ளைகளப் பாக்கேன். ஒருத்தர் ஒரு வார்த்த சொன்னதில்ல. இந்த அட்ட போச்சுன்னா நான் எங்க போவேன், சொல்லுங்க?" அவள் அழவில்லை. அட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

சிவரஞ்சனி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் சந்தேகப்பட்டுப் பழகியவள்தான். எட்டு வருடமாக அதுதான் அவள் உத்தியோகம். ஆனால் அவளுடைய சந்தேகம் வரிசையின் இடது ஓரத்துக்குப் போயிருந்தது.

"காலைல ஏழு பத்துக்குப் பாத்திருக்கீங்க. ஏழு பதினொண்ணுக்கும் இனிப்பு இருக்கே. அப்ப பிள்ள எங்க இருந்தா?"

"வீட்லதான்..." கனிஷ்கா யோசித்தாள். "எங்க வீட்டுக்காரரா இருக்கும் மேடம். அவருக்குப் பிள்ள கேட்டா மறுக்கத் தெரியாது."

"செவ்வாய்க்கிழமை அவர் ஊர்ல இருந்தாரா?"

"இல்ல. தூத்துக்குடில இருந்தார்."

"அப்ப யாரு?"

"மாடி வீட்டுக்காரர் பால் வாங்கக் கீழ வருவார். அவர் பேரும் என் பட்டியல்ல இருக்கு."

"பிள்ள உங்க பக்கத்துல இருக்கும்போது, நீங்க வாய்க்கோல எடுத்த ஒரு நிமிசத்துல, மாடி வீட்டுக்காரர் உள்ள வந்து இனிப்பு குடுத்துட்டுப் போயிட்டாரா?"

அதிகாரி ஞாயிற்றுக்கிழமைக்குத் தாவினாள். மழலைக்கூடம் இல்லை, ஜெபமலர் இல்லை, தருண் இல்லை. மேலே பதினான்கு புள்ளி, கீழே பதினான்கு புள்ளி. ஒவ்வொன்றும் மேலே இருப்பதற்கு ஒரு நிமிடம் தள்ளி.

சிவரஞ்சனி எழுந்து மேசையைச் சுற்றி வந்தாள். துறையின் வாய்க்கோலை எடுத்துக்கொண்டு குழந்தையின் முன் குனிந்தாள்.

"கண்ணு, ஆ காட்டு பாப்போம்."

நிறைமதி இரண்டு உதட்டையும் உள்ளே மடித்து இறுக்கிக்கொண்டாள். பிறகு வலது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்தாள்.

"என்ன வேணும் தங்கத்துக்கு?"

"பழம்" என்றாள் குழந்தை, உதட்டை விரித்தும் விரிக்காமலும். கை நீட்டியபடியே இருந்தது. வியாபாரத்தில் கெட்டி.

கனிஷ்காவின் கைப்பை அவள் காலடியில் இருந்தது. அதற்குள் இருந்த டப்பாவை எடுக்க அவள் கை தானாகவே பாதி தூரம் போய்விட்டது. எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

"அது பேரீச்சம்பழம் மேடம்" என்றாள். "இனிப்பு இல்ல. இரும்புச்சத்து. அது குடுக்கலன்னா வாயே திறக்க மாட்டா. நான் எப்படிப் பாக்குறது?"

"பழத்துல இருந்து வந்ததா, மிட்டாய்ல இருந்து வந்ததான்னு கிருமி கேக்காதும்மா" என்றாள் சிவரஞ்சனி. "அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். அதுவும் பேரீச்சம்பழம் பல்லுல ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். ஒரு தரம் இனிப்பு போச்சுன்னா அரை மணி நேரமாவது அமிலம் பல்லக் கரைக்கும். அப்புறம் எச்சில் வந்து மெல்ல மெல்லச் சரி பண்ணும். அதுக்கு அவகாசம் வேணும். சோத்தோட சேத்து ஒரு நாளைக்கு ரெண்டு பழம் குடுத்திருந்தா பல்லு பாட்டுக்குத் தாங்கியிருக்கும். நீங்க ஒரு நாளைக்குப் பதினொரு தரம் குடுத்திருக்கீங்க. அந்தப் பல்லுக்கு மூச்சு விட நேரமே இல்ல."

சொல்லிவிட்டுத் திரையின் அடிப்பகுதியைத் திறந்தாள். ஊற்றுவாய்: தாய்.

"கடிச்சுத்தான் குடுப்பீங்களா?"

"கொட்டைய எடுக்கணும்ல" என்றாள் கனிஷ்கா.

ஜெபமலர் அதுவரை பிடித்திருந்த அட்டையை விட்டாள். ஆத்திரம் இப்போதுதான் மேலே வந்தது. "என்னயத் தள்ளி நில்லுன்னு சொன்னாங்க மேடம். தீட்டுப் பட்டவ மாதிரி தள்ளி நிக்க வச்சாங்க. பக்கத்துல நின்னிருந்தா நான் பாத்திருப்பேன்ல? அன்னைக்கே சொல்லியிருப்பேன்ல?"

சிவரஞ்சனி புகாரின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கனிஷ்காவின் பக்கம் நகர்த்தினாள்.

"தொண்ணூறு நாள். உங்க கையால பிள்ளைக்கு எதுவும் ஊட்டக் கூடாது. அட்ட உள்ளவங்க யாராவது ஊட்டணும்."

"நான் அவ அம்மா."

"யாராக இருந்தாலும்னுதான் போட்டிருக்கு. கீழ இருக்கறது உங்க கையெழுத்து."

கனிஷ்கா அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். தாளின் பின்பக்கம் தடம் விழும் அளவுக்கு அழுத்தியிருந்தாள். பெற்று, பாலூட்டி, காய்ச்சலில் தோளில் போட்டு நடந்த பிள்ளைக்கு இனிமேல் ஒரு கவளம் கொடுக்க முடியாது. தப்பு செய்தது யார் என்று ஆறு வாரம் தேடியவளுக்கு, இப்படி ஒரு பதில் வந்தால் என்ன செய்வது என்று ஒரு நாளும் யோசனை ஓடியதில்லை.

"அப்ப எப்படி மேடம் வாயத் திறக்க வைக்கிறது?" என்று கேட்டாள். தப்பிக்கக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். "எல்லாரும் ஏதாவது குடுத்துத்தானே திறக்க வைக்கிறாங்க?"

அதிகாரி பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போது அவள் கண் தன் மேசை மேல் இருந்த உலர்திராட்சைக் குப்பியில் போய் நின்றது. மாவட்டத்தில் சிவப்பு ஏன் வருடா வருடம் ஏறுகிறது என்று மேலிடத்திலிருந்து மூன்று முறை கடிதம் வந்திருந்தது. மூன்று முறையும் அவள் "கண்காணிப்பைக் கூட்டியிருக்கிறோம்" என்று பதில் போட்டிருந்தாள்.

"அது கையேட்டுல இல்ல" என்றாள். குப்பியை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

நிறைமதிக்குப் பசி வந்துவிட்டது. சிணுங்க ஆரம்பித்தாள். கனிஷ்கா சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள், திறந்தாள், கரண்டியைத் தொடாமல் நிறுத்திக்கொண்டாள். பிறகு டப்பாவை ஜெபமலரின் பக்கம் நீட்டினாள்.

"மன்னிச்சிருங்க" என்றாள். "நீங்க... ஊட்டுவீங்களா?"

ஜெபமலர் உடனே வாங்கவில்லை. வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போவதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. "பிள்ள என்ன செஞ்சிச்சி" என்று முணுமுணுத்துக்கொண்டு வாங்கினாள். தயிர்ச்சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் எடுத்தாள்.

நிறைமதி வாயை ஆவென்று திறந்தாள். கையை நீட்டவில்லை, பேரம் பேசவில்லை. பசித்த பிள்ளை, சோற்றுக்கு வாய் திறந்தது, அவ்வளவுதான்.

கனிஷ்கா குனிந்தாள். சன்னல் வெளிச்சம் குழந்தையின் கடைவாய் வரைக்கும் விழுந்திருந்தது. மணி தெரிந்தது. மணிக்குப் பக்கத்தில், அதே பல்லில், மிளகு அளவுக்கு ஒரு பழுப்புக் குழி தெரிந்தது. வாய்க்கோல் வைத்த நேரமெல்லாம் அவள் திரையைத்தான் பார்த்திருந்தாள். பல்லைப் பார்த்தது இன்றுதான்.

அலுவலகத்தை விட்டு வெளியே வந்தபோது தாழ்வாரத்து பெஞ்சில் அடுத்த விசாரணைக்காக ஒரு பெண் காத்திருந்தாள். மடியில் இரண்டரை வயதுப் பையன். ஜெபமலர் நிறைமதியைத் தூக்கிக்கொண்டு படியில் முன்னே இறங்கிக்கொண்டிருந்தாள்.

"ஆ காட்டுறா. ஒரே ஒரு தரம்" என்று அந்தப் பெண் வாய்க்கோலை நீட்டிக் கெஞ்சினாள்.

பையன் உதட்டை இறுக்கிக்கொண்டு உள்ளங்கையை விரித்தான். அந்தப் பெண் ஓர் அத்திப்பழத்தைப் பாதி கடித்தாள்.

கனிஷ்கா அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றாள். "குடுக்காதீங்க" என்றாள். "சொன்னா கேளுங்க, அதக் குடுக்காதீங்க. அதுதான்..."

அந்தப் பெண் பையனைச் சட்டென்று மார்போடு சேர்த்து மறைத்துக்கொண்டாள். கனிஷ்காவின் முகத்தைப் பார்த்தாள், கழுத்தில் அட்டை இருக்கிறதா என்று பார்த்தாள், வாயைப் பார்த்தாள். பாதி அத்திப்பழத்தைப் பையன் கையில் திணித்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள்.

"நீங்க யாருங்க? எம் பிள்ளை பக்கத்துல எதுக்கு வந்தீங்க?" என்றாள், ஐயப் பட்டியலைத் திறந்தபடியே. "உங்க பேரு என்ன?"